பற்றரியில் 12 வோல்ட் இருக்கிறது, எஞ்சின் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை?

திருகோணமலைக் கரையில் ஒரு போட் ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் சுற்றி நிற்பவர்களிடமிருந்து இரண்டு தீர்ப்புகளில் ஒன்று வரும். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிட்டதா, "பற்றரி போயிட்டுது." முள் ஆடுகிறதா, "மீற்றர் பழுது, மாத்து." இரண்டுமே சில நேரங்களில் சரியாக இருக்கும். பல நேரங்களில் பிழை.

நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றும் என் மாமாவின் போட்டில் 40 குதிரைவலு பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்று இருக்கிறது. ஒரே பருவத்தில் அதற்கு இரண்டு புதுப் பற்றரி வாங்கினார், ஸ்டார்ட்டர் மோட்டரைக் கழற்றிச் சுற்றக் கொடுத்தார். எதுவும் சரிவரவில்லை. கடைசியில் பழுது இருந்த இடம் எஞ்சினில் கறுப்பு கேபிள் முறுக்கியிருந்த ஒரு நட்டின் அடி. கழற்றி சாண்ட் பேப்பரால் தேய்த்து இறுக்கப் பத்து நிமிடம் போனது. உழைத்த காசு அப்படி வீணாவதைப் பார்த்தபிறகுதான் இந்த விடயத்தை உட்கார்ந்து படித்தேன். மின்சாரம் தெரியாதவருக்கும் விளங்கும்படி எழுத முயல்கிறேன்.

கிண்ணியாப் பாதை

2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் முன், அக்கரை போக பாதையில், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் தட்டைப் படகில்தான், ஏற வேண்டும். நான்கு பேரும் இரண்டு சைக்கிளும் வந்தால் ஒரு சிக்கலும் இல்லை. பஸ்ஸும் லொறியும் ஒன்றாக வந்து நிற்கும்போதுதான் இந்த இடம் எவ்வளவு ஒடுக்கம் என்பது தெரியும். தெரு இரண்டு பக்கமும் அகலமாகத்தான் இருக்கும். நடுவில் ஒரே ஒரு ஒடுக்கம், அது மொத்தப் பயணத்தையும் நிறுத்தி வைத்துவிடும்.

போட்டின் வயரிங்கும் இப்படித்தான். பற்றரி நல்லது, கேபிள் தடிப்பானது, ஸ்டார்ட்டரும் நல்லது. ஆனால் கேபிளின் நுனி நட்டோடு சேரும் இடத்தில் உப்பும், உலோகம் அரித்து வரும் களிம்பும் படிந்திருக்கிறது. அதுதான் ஒடுக்கம். இப்படி மின்சாரத்தை மறிக்கும் தன்மைக்கு மின்தடை என்று பெயர், அதை அளக்கும் அலகு ஓம். கடந்து போகும் மின்சாரத்தின் அளவு மின்னோட்டம், அதன் அலகு அம்பியர். அதைத் தள்ளிவிடும் அழுத்தம்தான் வோல்ட்.

ஒரு சின்ன பல்ப் எரிய அரை அம்பியர் போதும். சைக்கிள் கடப்பது போல அது ஒடுக்கத்தைக் கடந்துவிடும். ஸ்டார்ட்டர் அப்படியல்ல. 40 குதிரைவலு எஞ்சினைச் சுற்ற நூறு அம்பியர் அளவில் இழுக்கும். லைட் பளிச்சென்று எரிகிறது, எஞ்சின் மட்டும் திரும்பவில்லை என்பதன் பொருள் இதுதான். "லைட் எரியுதே, வயர் எல்லாம் நல்லம்" என்று முடிவு கட்டக்கூடாது.

பாதை அக்கரைக்குப் போனால் மட்டும் போதாது. திரும்பி வந்தால்தான் அடுத்த நடை. மின்சாரமும் பற்றரியின் பிளஸ் முனையில் கிளம்பி மைனஸ் முனைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். வரும் வழி அடைபட்டால் போகும் வழி எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. கறுப்பு வயரை நாங்கள் ‘எர்த்’ என்று சொல்லிப் பழகியதால், அது கடலுக்கோ மண்ணுக்கோ எதையோ இறக்கிவிடுகிறது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. அது மின்சாரம் திரும்பிவரும் வழி.

ஓட்டோ, மோட்டார் சைக்கிள் திருத்தியவர்கள் போட்டில் கைவைக்கும்போது தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். ஓட்டோவின் இரும்பு உடம்பே திரும்பும் வழியாக இருக்கிறது, எங்கே தொட்டாலும் எர்த் கிடைக்கும். பைபர் போட்டின் உடம்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஒவ்வொரு லைட்டுக்கும் ஒவ்வொரு மீற்றருக்கும் திரும்பும் வழியை வயர் போட்டுத்தான் தர வேண்டும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: மின்சாரத்துக்குப் போகவும் வரவும் வழி வேண்டும். வழியில் எங்காவது ஒடுக்கம் இருந்தால், கூடுதல் மின்னோட்டம் கேட்கும்போதுதான் அது தன்னைக் காட்டும்.

12 வோல்ட் என்றால் நல்லதா?

இல்லை. 12 வோல்ட் பற்றரி என்பது பெயர் மட்டும். முழுதாகச் சார்ஜ் ஏறி, சில மணி நேரம் சும்மா இருந்த ஒரு ஈய அமிலப் பற்றரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 காட்டினால் பாதிதான் இருக்கிறது. 11.9 என்றால் கிட்டத்தட்ட வெறுமை. அதனால் வோல்ட்டும் ஓமும் அளக்கும் கைக்கருவியான மல்டிமீற்றரில் 12.0 என்று பார்த்துவிட்டு "பற்றரி நல்லம்" என்று சொல்வது, காலியான தாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் இருக்கிறது என்று சொல்வது போல.

அடுத்தது, சும்மா இருக்கும்போது பார்க்கும் எண் மட்டும் போதாது. சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் இழுக்கும் அந்த நொடியில் பற்றரி முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பற்றரி சார்ஜ் இல்லாமல் இருக்கிறது அல்லது பழுது. சார்ஜ் ஏற்றிவிட்டு மீண்டும் பாருங்கள். அப்போதும் விழுந்தால்தான் பற்றரியைக் குற்றம் சொல்லலாம். 11 வோல்ட்டுக்கு மேல் நின்றும் எஞ்சின் திரும்பவில்லையா? சரி, பற்றரியை விட்டுவிடுங்கள். ஒடுக்கம் வேறெங்கோ இருக்கிறது.

ஒரு சின்ன விடயம். வயரைத் தொடும் முன் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். சாவி ஸ்டார்ட் உள்ள எஞ்சின்களில் நியூட்ரலில் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகாதபடி ஒரு சுவிட்ச் இருக்கும். இதற்காகவே மெக்கானிக்கைக் கூப்பிட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஒடுக்கத்தைப் பிடிக்கும் வழி

பலர் மல்டிமீற்றரை ‘பீப்’ சத்தம் வரும் இடத்தில் வைத்து கேபிளின் இரண்டு நுனியையும் தொடுகிறார்கள். பீப் வருகிறது, கேபிள் நல்லம் என்கிறார்கள். எனக்கு இதுதான் மிகவும் வருத்தமான பிழை, ஏனென்றால் கையில் சரியான கருவி இருந்தும் அது பிழையான பதில் சொல்கிறது. கேபிளுக்குள் ஐம்பது இழை இருந்து நாற்பத்தொன்பது அறுந்திருந்தாலும் பீப் வரும். பாதையில் ஒரு ஆள் கடந்துவிட்டார் என்பதற்காக லொறியும் கடக்கும் என்று சொல்ல முடியாதல்லவா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மூட்டில் 0.02 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். சாதாரண மல்டிமீற்றரால் இதைக் காணவே முடியாது, அது 0.1 ஓம் அளவில்தான் எண்ணத் தொடங்கும். ஆனால் 100 அம்பியர் அதன் வழியே ஓடினால், 0.02 ஐ 100 ஆல் பெருக்க 2 வோல்ட். அந்த ஒரு மூட்டே 2 வோல்ட்டை விழுங்கிவிடுகிறது. இப்படித் தடையைக் கடக்கும்போது இழக்கப்படும் வோல்ட்டுக்கு வோல்ட் வீழ்ச்சி என்று பெயர். அந்த 2 வோல்ட் காற்றில் மறைவதில்லை, வெப்பமாக மாறுகிறது. 200 வாட். ஸ்டார்ட்டரைச் சில தடவை இழுத்த கையோடு கேபிள் நுனிகளைத் தொட்டுப் பார்த்தால் ஒன்று மட்டும் சுடுவது இதனால்தான்.

அதனால் மின்சாரம் ஓடும்போதே அளக்க வேண்டும். மல்டிமீற்றரை டீசி (DC) 20 வோல்ட்டில் வையுங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க, கையில் மாட்டும் சிவப்புக் கயிற்றின் கிளிப்பைக் கழற்றுங்கள். பெரும்பாலான எஞ்சின்கள் அப்போது சுற்றும், ஆனால் பற்றாது. மல்டிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸ் ஈயத் தலையில் வையுங்கள், கிளாம்பில் அல்ல. மற்ற முனையை எஞ்சின் உடம்பில் பெயின்ட் இல்லாத வெறும் உலோகத்தில் வையுங்கள். இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட் வரை காட்டினால் திரும்பும் வழி நல்லது. 1 வோல்ட், 2 வோல்ட் என்று ஏறினால் அந்தக் கறுப்பு கேபிளில், அதன் இரு நுனிகளில் ஒன்றில், பழுது இருக்கிறது.

பிளஸ் பக்கமும் இதே வேலைதான். ஒரு முனை பற்றரியின் பிளஸ் தலையில், மற்றது ஸ்டார்ட்டரில் சிவப்பு கேபிள் சேரும் போல்ட்டில். சாவி திருப்பாதபோது இங்கே 12 வோல்ட் காட்டும், பயப்பட வேண்டாம். இடையில் உள்ள சொலினொயிட் இன்னும் சேரவில்லை என்பதுதான் காரணம். சொலினொயிட் என்பது சாவியின் சின்ன மின்னோட்டத்தைக் கொண்டு ஸ்டார்ட்டரின் பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும் சுவிட்ச். ‘டக்’ என்பது அதன் சத்தம். சுற்றும்போது காட்டும் எண்ணை மட்டும் எடுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் முனையை ஒவ்வொரு மூட்டாக நகர்த்திக்கொண்டு வாருங்கள். எந்த மூட்டைத் தாண்டும்போது எண் திடீரென்று குதிக்கிறதோ அதுதான் இடம். பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து சுற்ற வேண்டாம், ஸ்டார்ட்டர் சூடாகிவிடும்.

ஆக, ஓடாத மின்சாரத்தில் பழுது தேட முடியாது. சுமை கொடுத்து, வோல்ட் எங்கே விழுகிறது என்று பார்ப்பதே இந்த வேலை முழுவதும்.

மீற்றர் உண்மையில் எதைப் பார்க்கிறது

பெற்றோல் மீற்றருக்குப் பெற்றோல் தெரியாது. இது விளங்கினால் பாதி வேலை முடிந்தது.

தாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. மிதவை ஏறி இறங்க, அதோடு சேர்ந்த ஒரு தடை கூடிக் குறையும். இந்தப் பகுதிக்கு சென்டர் (sender, அளவை அனுப்புவது) என்று பெயர். முன்னால் டாஷ்போர்ட்டில் இருக்கும் மீற்றர் அந்தத் தடையை மட்டும் பார்த்து முள்ளை நகர்த்துகிறது. அமெரிக்க அளவில் வெறும் தாங்கிக்கு 240 ஓம், நிறைந்த தாங்கிக்கு 33 ஓம். ஐரோப்பிய அளவில் தலைகீழ்: வெறுமை 10 ஓம், நிறைவு 180 ஓம். மீற்றரை மட்டும் புதிதாக வாங்கி மாட்டியபின் பெற்றோல் நிரப்ப நிரப்ப முள் இறங்குகிறதென்றால், இரண்டும் வெவ்வேறு அளவு என்பதுதான் காரணம்.

இப்போது களிம்பு என்ன செய்யும் என்று யோசியுங்கள். அதுவும் ஒரு தடைதான். மீற்றருக்கு மிதவையின் தடை எது, களிம்பின் தடை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கூட்டிக் காட்டிவிடும். அமெரிக்க அளவு மீற்றரில் தாங்கி பாதி இருக்கும்போது கால் என்று காட்டும். வயர் அறுந்தால் வெறுமை. வயர் எங்காவது உரசி எர்த்தைத் தொட்டால் எப்போதும் நிறைவு. இந்தக் கடைசிப் பழுதுதான் ஆபத்து. நிறைவு என்று நம்பிப் புறாத்தீவைத் தாண்டிப் போய்விட்டு, எஞ்சின் நின்றபின் யாரைக் கூப்பிடுவது?

எதைச் சந்தேகிப்பது என்று அறிய ஒரு எளிய சோதனை. மீற்றரின் பின்பக்கம் மூன்று முனை இருக்கும்: ஐ என்பது சாவியிலிருந்து வரும் மின்சாரம், ஜி என்பது எர்த், எஸ் என்பது சென்டருக்குப் போகும் வயர். எஸ் வயரைக் கழற்றுங்கள். முள் ஒரு ஓரத்துக்குப் போக வேண்டும். பிறகு ஒரு துண்டு வயரால் எஸ்ஸையும் ஜியையும் தொடுங்கள், முள் மறு ஓரத்துக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் மீற்றர் நல்லது. வயரையோ சென்டரையோ பாருங்கள். இதை மீற்றர் பக்கத்தில் செய்யுங்கள், தாங்கிப் பக்கத்தில் வேண்டாம். பெற்றோல் ஆவி நிற்கும் இடத்தில் சின்னப் பொறியும் பெரிய விபத்து.

தொழிலுக்குப் போகும் போட்டுகளில் உள்ள சிவப்புத் தாங்கிகளில் மூடியோடு சேர்ந்த மிதவைதான் இருக்கும், வயர் கிடையாது. மேலே சொன்னது தளத்துக்கு அடியில் தாங்கி வைத்த போட்டுகளுக்கு.

வெப்ப மீற்றர் இன்னும் கவனிக்க வேண்டியது. எஞ்சின் சூடாகச் சூடாக அதன் சென்டரின் தடை குறையும். அப்படியானால் வயர் அறுந்தால் முள் ‘குளிர்’ என்ற பக்கத்தில் நிற்கும். களிம்பு படிந்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். பழுதான மீற்றர் இங்கே நல்ல செய்தியாகவே பொய் சொல்கிறது. எனவே முள்ளைப் பார்த்து நிம்மதி அடையாமல், எஞ்சினின் பக்கத்திலிருந்து பீச்சும் தண்ணீரைத் திரும்பித் திரும்பிப் பாருங்கள்.

எல்லா முள்ளும் ஒன்றாக ஆடினால்? நான்கு மீற்றர் ஒரே நாளில் பழுதாவது நடக்காத காரியம். அவற்றுக்குப் பொதுவான வயரைத் தேடுங்கள். ஹோர்ன் அடிக்கும்போதோ லைட் போடும்போதோ முட்கள் துள்ளினால் அநேகமாகப் பொதுவான எர்த்தில்தான் கோளாறு. தன் வழி அடைபட்ட மின்சாரம் மீற்றர்களுக்குள் புகுந்து திரும்ப வழி தேடுகிறது.

ஆர்.பி.எம். முள் செத்தால்

எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் மீற்றர் எஞ்சினை நேரடியாகப் பார்ப்பதில்லை. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரமான பிளைவீலின் அடியில் காந்தங்களும் கம்பிச் சுருள்களும் இருக்கின்றன. பிளைவீல் சுற்ற, சுருளில் மின்துடிப்புகள் உண்டாகும். அவை இரண்டு இடத்துக்குப் போகும்: ஒன்று ரெக்டிஃபயர், அதாவது துடிப்பை ஒரே திசை மின்சாரமாக்கிப் பற்றரிக்கு அனுப்பும் பகுதி, மற்றது இந்த மீற்றர். மீற்றர் துடிப்புகளை எண்ணிச் சுற்று வேகத்தைச் சொல்கிறது.

அதனால் இந்த முள் ஒரு இலவச மருத்துவர். முள் விழுந்தால் பற்றரி சார்ஜ் ஆகிறதா என்று உடனே அளந்து பாருங்கள். பழைய எஞ்சின்கள் மெதுவாக ஓடும்போது அநேகமாக ஒன்றும் தராது. தண்ணீரில் இறக்கி 2000 சுற்றளவில் வைத்து அளக்க வேண்டும். பற்றரி முனையில் 13.8 முதல் 14.5 வரை வந்தால் சார்ஜ் நன்றாகத்தான் இருக்கிறது, மீற்றரையோ அதன் வயரையோ பாருங்கள். 12.5 இலேயே நின்றால் ரெக்டிஃபயர் அல்லது சுருள். எஞ்சின் ஓடும்போது பற்றரி கேபிளைக் கழற்றினாலோ, பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தாலோ ரெக்டிஃபயர் எரிந்துவிடும். "பற்றரி இல்லாமலும் ஓடுதா பாப்பம்" என்று கேபிளைக் கழற்றும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

முள் இரட்டிப்பாகவோ பாதியாகவோ காட்டினால் மீற்றரின் பின்னால் உள்ள சின்னத் தெரிவுச் சுவிட்சைப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்பு என்று மீற்றருக்குச் சொல்வது அதுதான். 12 காந்தத் துருவம் உள்ள எஞ்சின் ஒரு சுற்றுக்கு 6 துடிப்பு தரும். சுவிட்சை 6 துருவத்தில் வைத்தால் மீற்றர் இரட்டிப்பாகக் காட்டும். அந்தச் சுவிட்சிலும் களிம்பு படியும். சில தடவை இங்கும் அங்கும் திருப்பிவிட்டாலே முள் உயிர் பெறுவதுண்டு.

நிறுத்தும் வயர்

கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் பழைய டூ ஸ்ட்ரோக்குகளுக்குப் பற்றரியே தேவையில்லை. பொறி உண்டாக்கும் மின்சாரமும் பிளைவீலுக்கு அடியிலிருந்தே வருகிறது. அதைத் தேக்கி விடுவிக்கும் பெட்டிக்கு சி.டி.ஐ. என்று பெயர். இங்கே நிறுத்தும் சுவிட்ச் வீட்டு சுவிட்சுக்கு நேர் எதிராக வேலை செய்கிறது. வயரை எர்த்தோடு சேர்த்தால் எஞ்சின் நிற்கும், பிரித்தால் ஓடும். ஆகவே நிறுத்தும் வயர் அறுந்தால் எஞ்சின் நிற்காது. அது எங்காவது உரசி எர்த்தைத் தொட்டால், அல்லது சுவிட்சுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்தால், பொறியே வராது. அந்த வயரை எஞ்சின் பக்கத்தில் கழற்றிவிட்டு இழுத்துப் பாருங்கள். பொறி வந்தால் பழுது சுவிட்சில் அல்லது அதற்குப் போகும் வயரில். அப்படி எஞ்சின் பற்றிக்கொண்டால் சுவிட்சால் நிறுத்த முடியாது, எனவே சோக்கை மூடி நிறுத்த ஆயத்தமாக இருங்கள். இந்த வயருக்கு மட்டும் பற்றரி மின்சாரம் கொடுக்கக்கூடாது, சி.டி.ஐ. பெட்டி போய்விடும். யமஹாவில் இது பொதுவாக வெள்ளை நிறம். ஆனால் பழைய போட்டில் நிறத்தை நம்பாதீர்கள், முன்பு திருத்தியவர் கையில் கிடைத்த வயரைப் போட்டிருப்பார்.

மூட்டைச் சரிசெய்தல்

இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றுவது கடலில் ஒரு பருவம்கூட நிற்காது. டேப்புக்குள் புகும் உப்புத் தண்ணீர் செப்பு இழைகளுக்கிடையே ஊர்ந்து மேலே ஏறும். நுனியை வெட்டி உறையை உரியுங்கள். உள்ளே பச்சையோ கறுப்போ தெரிந்தால், பளபளப்பான செம்பு வரும்வரை பின்னோக்கி வெட்டிக்கொண்டே போக வேண்டும். மனம் வராது, ஆனாலும் வெட்டுங்கள். வெள்ளீயம் பூசிய வயர் கிடைத்தால் அதைப் போடுங்கள். வயர் நுனியில் மாட்டும் உலோக வளையமான லக்கை அதற்கான இடுக்கியால் அழுத்தி, சூடுகாட்டினால் சுருங்கும் குழாயால் மூடுங்கள். பற்றரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

போல்ட் சேரும் இரண்டு முகத்தையும் பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கியபின் மேலே வாசலின் பூசுங்கள். வாடைக்காற்று தொடங்கிப் போட்டைக் கரையேற்றும் மாதங்களில்தான் களிம்பு சத்தமில்லாமல் வளர்கிறது, ஆகவே இந்த வேலைக்கு அதற்கு முந்திய கிழமை நல்லது. எஞ்சின் நன்றாக ஓடும் அன்றைக்கே வோல்ட் எண்களை அளந்து, பற்றரிப் பெட்டியின் மூடிக்கு உட்பக்கம் மார்க்கர் பேனையால் எழுதி வையுங்கள். மாமாவின் மூடியில் இப்போது சும்மா இருக்கும்போது 12.7, சுற்றும்போது 10.9, கறுப்பு கேபிளில் 0.15 என்று இருக்கிறது. அடுத்த முறை ‘டக்’ சத்தம் வரும்போது எதோடு ஒப்பிடுவது என்று அவருக்குத் தெரியும்.